மூன்று மில்லிமீட்டர் வழி



மலர்க் குழுவினர் "ஏதாவது ஒரு கட்டுரை கொடுங்க, தலைப்பு உங்க விருப்பம்" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் ஒர்க்ஷாப்பில் ராவி ராவிக் கை காய்த்ததைப் பற்றியும் எப்படியும் நாலைந்து பேர் எழுதிவிடுவார்கள். ஆகவே நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல்லை மனிதன் எப்படி எட்டிப் பிடித்தான் என்கிற வரலாறு. என்னடா இது, ரீயூனியன் மலரில் போய் இதை எழுதுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். இது பாதி மருத்துவம் என்றால் மீதிப் பாதி நம்ம சப்ஜெக்ட்தான். ஒளியியல், உலோகம், நீரழுத்தம் எல்லாம் வருகிறது.

ஏன் இந்தத் தலைப்பு? எங்கள் மெக்கானிக்கல் பேட்சில் எனக்குத் தெரிந்தே நான்கு பேருக்குக் கல் வந்துவிட்டது. நாலாவது ஆள் நான். முப்பது வயதைத் தாண்டினால் வெயிலில் சைட்டில் நிற்பவனுக்கும், தண்ணீர் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் இது பொது வியாதி போலிருக்கிறது. விஷயம் என்னவென்றால், நான்கு பேருக்கும் நான்கு வகை வைத்தியம். துபாயில் இருப்பவனுக்கு, "தண்ணீர் குடி, மாத்திரை போடு, தானாக வந்துவிடும்" என்றார்கள், வந்தும்விட்டது. இன்னொருவனுக்கு வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். மூன்றாமவனுக்கு முதுகில் துளை போட்டு மேலேயிருந்து ஸ்கோப் விட்டார்கள். எனக்குக் கீழேயிருந்து ஸ்கோப். அப்புறம் என்ன, குரூப்பில் ஒரே சண்டை. "டேய், வெளியிலிருந்தே உடைக்கலாம்னு இருக்கும்போது உனக்கு எதுக்குடா ஸ்கோப்பு? காசு புடுங்கிட்டாங்க" என்று எனக்கு அனுதாபம். ஒவ்வொருவனுக்கும் தன் டாக்டர் கெட்டிக்காரர், மற்றவன் டாக்டர் வியாபாரி!

இதில் யார் சரி என்று பார்க்கப் போய்த்தான் இந்த வரலாற்றில் விழுந்தேன்.

முதலில் அந்தக் குழாயைத் தெரிந்துகொள்வோம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாய் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. நீளம். உள் விட்டம் 3 முதல் 4 மி.மீ. அதிலும் மூன்று இடங்களில் இன்னும் குறுகல். சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம் ஒன்று, இடுப்பெலும்புப் பக்கம் பெரிய இரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம் ஒன்று, சிறுநீர்ப்பைச் சுவருக்குள் நுழையும் இடம் ஒன்று. கல் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டும். நம் லேபில் பார்த்த ஜி.ஐ. பைப் போல இது கெட்டியான குழாயும் அல்ல. தானே சுருங்கி விரிந்து சிறுநீரைக் கீழே தள்ளும் மெல்லிய தசைக் குழாய். முரட்டுத்தனமாகக் கையாண்டால் கிழியும், பின்னாளில் தழும்பு விழுந்து அடைக்கும்.

ஸ்கோப்புகளின் பருமனை "ஃபிரெஞ்ச்" என்ற அளவில் சொல்கிறார்கள். பாரிஸில் கருவி செய்த ஷாரியேர் என்பவர் ஏற்படுத்திய அளவு இது. மூன்று ஃபிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மி.மீ. ஆக 9 ஃபிரெஞ்ச் ஸ்கோப் என்றால் 3 மி.மீ. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கல்லடைப்பு பழைய நோய். எகிப்திய மம்மி ஒன்றிலேயே கல் இருந்தது. சுசுருதர் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை எழுதியிருக்கிறார். உயிருக்கு ஆபத்தான காரியம் என்பதால் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறார். கிரேக்கத்தின் ஹிப்போகிரேட்டஸ் பெயரில் உள்ள உறுதிமொழியோ, கல்லுக்காக நான் கத்தி வைக்கமாட்டேன், அதை அந்தத் தொழில் செய்கிறவர்களிடம் விட்டுவிடுவேன் என்கிறது. ஆனால் இதெல்லாம் சிறுநீர்ப்பைக் கல். பை என்றால் இடம் உண்டு. 1824-ல் பாரிஸில் சிவியால் என்ற டாக்டர், சிறுநீர் வெளிவரும் வழியாகவே ஒரு கருவியை நுழைத்து, பையில் கிடந்த கல்லைப் பிடித்து உடைத்தார். கத்தியே இல்லை. கண்ணும் இல்லை! முழுக்க முழுக்கக் கைத் தடவல்தான். உடைக்கும் வித்தை வந்துவிட்டது, பார்க்கும் வித்தை வரவில்லை. இந்த வரிசையை கவனியுங்கள். பின்னால் நடந்த விபத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

பார்க்கும் முயற்சியும் ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1806-ல் ஜெர்மனியின் பொஸினி மெழுகுவத்தி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடியால் ஒளியைக் குழாய்க்குள் திருப்பிப் பார்த்தார். வியன்னாவில் அதற்கு வரவேற்பு இல்லை. மனிதர் 1809-ல் காய்ச்சலில் இறந்தும் போனார். 1853-ல் பிரான்சின் டெசார்மோ, சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கை வைத்துக்கொண்டார். இரண்டிலும் விளக்கு உடம்புக்கு வெளியே. நிட்ஸே என்ற ஜெர்மானியர்தான் 1877-ல் அதைத் தலைகீழாக மாற்றினார். வெளிச்சம் குழாயின் முனைக்கே போக வேண்டும், படத்தை லென்ஸ் வரிசை வெளியே கொண்டுவர வேண்டும். முனையில் சூடேறிச் சிவந்த பிளாட்டினக் கம்பி, அதைக் குளிர்விக்கச் சுற்றிலும் ஓடும் தண்ணீர். நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் புரொபசரிடம் காட்டியிருந்தால் திட்டியே அனுப்பியிருப்பார். ஆனால் அது வேலை செய்தது. சிறுநீர்ப்பை மனிதக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

சிறுநீர்க் குழாய்? அது இன்னும் எட்டாக் கனிதான். குழாயின் வாயைப் பைக்குள் நின்று பார்க்கலாம், உள்ளே போக முடியாது. உள்ளே போன முதல் ஆள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹ்யூ யங், 1912-ல். அதுவும் திட்டமிட்டதல்ல. பிறவிக் கோளாறால் சிறுநீர் தேங்கி, குழாய் வீங்கிப் பெருத்துப்போன ஒரு குழந்தை. அவர் குழந்தைகளுக்கான கருவியை விட்டபோது, அது விரிந்த குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. இதை அவர் அச்சில் எழுதியது 1929-ல். சாதாரண ஆளின் 3 மி.மீ. குழாயில் இது நடக்குமா என்று யாரும் துணியவில்லை. அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேல் அது ஒரு தனிச் சம்பவமாகவே கிடந்தது.

இடையில் கல் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? வயிற்றையோ விலாவையோ திறந்து எடுப்பார்கள், இல்லையென்றால் கூடை. 1958-ல் மிலான் நகரத்து டோர்மியா ஒரு கம்பிக் கூடையை அறிமுகப்படுத்தினார். மூடிய நிலையில் குழாய்க்குள் ஏற்றி, கல்லைத் தாண்டியதும் விரித்து, கல்லை வாரிக்கொண்டு கீழே இழுக்க வேண்டும். கருவி நல்ல கருவி. இன்றைக்கும் அவர் பெயரால்தான் டோர்மியா கூடை என்கிறார்கள். ஆனால் அன்று டாக்டருக்குத் துணை எக்ஸ்ரேயும் விரல் நுனியும் மட்டும். கல்லோடு சேர்ந்து குழாயின் உள்சுவரும் கூடையில் மாட்டியிருக்கிறதா என்று தெரியாது. தெரியாமல் இழுத்தால் குழாயே கழன்று வரும். எழுதவே கை கூசுகிறது, ஆனால் நடந்திருக்கிறது. ஆகவே கூடையைக் குழாயின் கடைசிப் பகுதியில் நிற்கும் சின்னக் கல்லுக்கு மட்டும் போடுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்.

இனிமேல்தான் நம்ம ஆட்கள், அதாவது இன்ஜினியர்களும் இயற்பியல்காரர்களும், வருகிறார்கள்.

லண்டனில் ஹாப்கின்ஸ் என்று ஒரு ஒளியியல் மேதை. பி.பி.சி.க்கு ஜூம் லென்ஸ் செய்து கொடுத்தவர். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. இருவரும் 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டி, ஒரு முனையில் விழும் படத்தை வளைந்த பாதையில் மறுமுனைக்குக் கொண்டுவரலாம் என்பது செய்தி. பிளஸ் டூவில் நாம் மனப்பாடம் செய்த முழு அக எதிரொளிப்புதான், வேறொன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், இழைகள் ஒன்றையொன்று தொட்டால் ஒளி பக்கத்து இழைக்குக் கசிந்துவிடும். 1956 கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கர்ட்டிஸ் என்பவர், கண்ணாடி இழைக்கு வேறொரு கண்ணாடியாலேயே மேலுறை போட்டு அதைத் தீர்த்தார். அப்போது அவர் இளநிலை மாணவர். மறுபடி சொல்கிறேன் தம்பிகளே, இளநிலை மாணவர்! அடுத்த வருடமே வயிற்றுக்குள் பார்க்கும் வளையும் ஸ்கோப் வந்துவிட்டது.

அதே ஹாப்கின்ஸ் இன்னொரு காரியமும் செய்தார். லிவர்பூல் டாக்டர் ஒருவர், சிறுநீர்ப்பைக்குள் நல்ல படம் எடுக்க முடியவில்லையே என்று அவரிடம் வந்தார். பழைய ஸ்கோப்பில் நீளமான குழாய் முழுக்கக் காற்று, நடுநடுவே சின்னச் சின்ன லென்ஸ். ஹாப்கின்ஸ் அதை அப்படியே புரட்டிப் போட்டார். குழாய் முழுக்க நீண்ட கண்ணாடித் தண்டுகள், அவற்றுக்கு நடுவே இருக்கும் சின்னக் காற்று இடைவெளிகளே லென்ஸ் வேலையைச் செய்யும்! 1959-ல் காப்புரிமை. பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் அதை எடுத்துக்கொண்டு 1960-களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதே பருமனில் பலமடங்கு வெளிச்சம். அப்படியானால் அதே வெளிச்சத்தை இன்னும் மெல்லிய ஸ்கோப்பில் கொண்டுவரலாம் என்றும் ஆகிறதல்லவா?

ஆக ஒரே மனிதரின் மூளையிலிருந்து இரண்டு வம்சங்கள் கிளம்பின. ஒன்று வளையாதது, மற்றது வளைவது. இன்றைக்கு டாக்டர் "யு.ஆர்.எஸ்." என்றும் "ஆர்.ஐ.ஆர்.எஸ்." என்றும் சொல்லும்போது ஏறக்குறைய இந்த இரண்டு வம்சங்களைத்தான் சொல்கிறார்.

சிறுநீர்க் குழாய்க்குள் முதலில் வளைவதுதான் போனது. 1962-ல் 9 ஃபிரெஞ்ச் வளையும் ஸ்கோப் ஒன்றை உள்ளே விட்டுக் கல்லைக் கண்ணால் பார்த்தார்கள். மார்ஷல் என்ற அமெரிக்க டாக்டர் 1964-ல் அதை எழுதினார். 1970-ஐ ஒட்டி ஜப்பானின் தகாயாசுவும் அசோவும் சிறுநீரகம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். ஆனால் பார்க்கலாம், அவ்வளவுதான். மூன்று மி.மீ. முழுவதையும் இழைகளே அடைத்துக்கொண்டன. தண்ணீர் பாய்ச்ச, கூடை விட, உடைக்க உள்ளே வழி கிடையாது. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஜிலேபியைப் பார்த்த கதை.

அதனால் முதல் வெற்றி வளையாத வம்சத்துக்குப் போனது. 1977-ல் அமெரிக்காவில் குட்மேன், லயன் என்ற இருவர் தனித்தனியே ஒரு எளிய யோசனை செய்தார்கள். குழந்தைகளுக்கான மெல்லிய ஸ்கோப் கையில் இருக்கிறது, பெரியவர்களின் குழாயின் கடைசிப் பகுதிக்குள் அதை விட்டால் என்ன? வாயை மெல்ல அகலப்படுத்திவிட்டு நுழைத்தார்கள், போனது. அப்புறம் இதற்கென்றே ஸ்கோப் செய்யச் சொன்னார் லயன். 1980-ல் மாட்ரிட் நகரத்து பெரெஸ்-காஸ்ட்ரோ, ஸ்டோர்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, சிறுநீரகம் வரைக்கும் எட்டும் நீளமான ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். இப்போது பழைய டோர்மியா கூடை மறுபிறவி எடுத்தது. அதே கூடைதான், ஆனால் கல்லை மட்டும் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுக்கலாம். பெரிய கல்லானால் இழுக்கவே வேண்டாம், அங்கேயே உடைக்கலாம். 1983-ல் ஹஃப்மன் முதலானோர் ஒலியலைக் கருவியை ஸ்கோப் வழியே விட்டு உடைத்துக் காட்டினார்கள்.

இந்த நேரம் பார்த்து வந்தது போட்டி. சூப்பர்சானிக் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஜெர்மன் விமானக் கம்பெனி டோர்னியர். அந்த ஆராய்ச்சியின் கிளையாக, 1980 பிப்ரவரி 7-ஆம் தேதி மியூனிக்கில், தண்ணீர்த் தொட்டியில் ஒருவரைப் படுக்கவைத்து வெளியிலிருந்தே அதிர்வலை பாய்ச்சி சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். உலகமே அசந்துபோனது. உடம்புக்குள் எதுவுமே போகவில்லையே! ஸ்கோப்பின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, முதுகு வழி. 1976-ல் ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்ட்ரோம், ஜோஹான்சன் இருவரும் முதுகிலிருந்து சிறுநீரகத்துக்குள் ஒரு துளைப் பாதை போட்டு அதன் வழியே கல்லை எடுத்தார்கள். சிறுநீரகக் கல்லுக்கான "பி.சி.என்.எல்." அதிலிருந்து வளர்ந்தது. சிறுநீர்க் குழாயின் மேல்பாதியில் கல் இருந்தால் அதே பாதையில் மேலிருந்து கீழே இறங்கலாம். இங்கே 3 மி.மீ. கட்டுப்பாடு கிடையாது, வழக்கமான பாதை 8 முதல் 10 மி.மீ. அகலம், இப்போது அதைவிட மெல்லியதும் உண்டு. பெரிய கல்லைப் பெரிய கருவியால் வேகமாக முடிக்கலாம். விலை என்ன? சிறுநீரகத்தையே துளைக்கிறோம், இரத்தம் போகும். லாப்ரோஸ்கோப் மூலம் குழாயைக் கீறி எடுப்பது நாலாவது வழி. லண்டனின் விக்கம் 1979-லேயே செய்துவிட்டார். மற்றது எதுவும் பலிக்காதபோது இன்றும் அது கைகொடுக்கிறது.

ஸ்கோப் தோற்றுப்போகாமல் நின்றதற்குக் காரணம், அதன் வழியே போகும் உடைக்கும் ஆயுதங்கள் மெலிந்துகொண்டே வந்ததுதான். 1980-களின் நடுவில் சாய லேசர் வந்தது. கல்லை உடைத்தது, ஆனால் விலையும் பராமரிப்பும் பயங்கரம், கெட்டியான சில கற்களில் பலிக்கவும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து லித்தோகிளாஸ்ட் வந்தது. ரோடு உடைக்கும் ஜாக்ஹேமரை ஊசியளவுக்குச் சுருக்கினால் அதுதான். காற்றழுத்தத்தில் ஒரு சின்னக் குண்டு பாய்ந்து கம்பியின் பின்னால் மோதும், கம்பி கல்லை இடிக்கும். சூடு இல்லை, விலை குறைவு, நீடித்து உழைக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் அது நன்றாகப் பரவியதில் ஆச்சரியமில்லை. குறை ஒன்று: இடித்தால் கல் மேலே ஓடும். கீழே நிற்கும் கல் என்றால் சரி, மேலே நிற்கும் கல் ஒரு இடியில் சிறுநீரகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கம்பி நேராக இருக்க வேண்டும் என்பதால் வளையும் ஸ்கோப்புக்கும் உதவாது.

அதே பத்தாண்டில் வந்த ஹோல்மியம் லேசர்தான் ஆட்டத்தை மாற்றியது. அலைநீளம் 2,100 நானோமீட்டர். அந்த அலைநீளத்தைத் தண்ணீர் உடனே உறிஞ்சிவிடும், அரை மி.மீ. தாண்டிப் போகாது. அதாவது முனை கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் கல் பொடியாகும். பக்கத்துச் சுவர் கொஞ்சம் தள்ளியிருந்தால் தப்பிக்கும். ஆனால் முனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே சுட வேண்டும். இழையின் உள்விட்டம் மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் வளையும் ஸ்கோப்பின் வழியாகவும் போகும். வளையும் வம்சத்துக்கும் இதற்குள் உள்வழி கிடைத்திருந்தது. 1980-களில் முனையைக் கைப்பிடியிலிருந்தே திருப்பும் ஏற்பாடும் வந்திருந்தது; இப்போது இரண்டு பக்கமும் 270 டிகிரி வரை திரும்புகிறது. கூடைகளும் மாறின. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் புஹ்லர் கண்ட நிக்கல்-டைட்டானியக் கலவையான நிட்டினாலில், மடக்கினாலும் பழைய வடிவத்துக்கே வரும், முனையில் கூர் இல்லாத கூடைகள் வந்தன. வளையாத ஸ்கோப்பும் சும்மா இருக்கவில்லை. தண்டு லென்ஸை விட்டுவிட்டு இழைக்கட்டுக்கு மாறி, 7 ஃபிரெஞ்ச் அளவுக்கு மெலிந்து, சற்றே நெளிந்துகொடுக்கும் "செமி ரிஜிட்" ஆனது. குழாய் வாயை அகலப்படுத்தும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

இனி எங்கள் குரூப் சண்டைக்கு வருவோம். 2007-ல் அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரியல் சங்கங்கள் சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்குப் போட்டன. குழாயின் கீழ்ப்பகுதியில் 10 மி.மீ.க்கு உட்பட்ட கல் என்றால் ஸ்கோப்பில் 97 சதவீதம் பேருக்குக் கல் சுத்தமாகப் போயிருந்தது, அதிர்வலையில் 86 சதவீதம். அதற்கு மேற்பட்ட கல்லென்றால் 93-க்கு 74. மேல்பகுதியிலோ கதை மாறுகிறது. 10 மி.மீ.க்கு உட்பட்டதில் அதிர்வலை 90, ஸ்கோப் 80. பெரிய கல்லில் மறுபடி ஸ்கோப் 79, அதிர்வலை 68. அதே தொகுப்பில் இன்னொரு கணக்கும் உண்டு: 5 மி.மீ. வரையுள்ள கற்களில் 68 சதவீதம், 5-லிருந்து 10 வரையுள்ளவற்றில் 47 சதவீதம் தானாகவே வெளியேறின.

துபாய்க்காரனுடையது 4 மி.மீ. கல். "தண்ணி குடி" என்று சொன்ன டாக்டர் சரி. இரண்டாமவனுக்கு 7 மி.மீ., மேல்பகுதி. அதிர்வலை சரி. மூன்றாமவனுக்கு 18 மி.மீ., மேல்பகுதியில் மாதக்கணக்காக இறுகிக் கிடந்து, மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. 15 மி.மீ.க்கு மேல் இறுகிய கல்லுக்கு முதுகு வழியை ஐரோப்பிய வழிகாட்டியே ஒரு தேர்வாகச் சொல்கிறது. எனக்கு 8 மி.மீ., கீழ்ப்பகுதி, ஐந்து வாரம் காத்திருந்தும் நகரவில்லை. செமி ரிஜிட் ஸ்கோப். அதுவும் சரி. நாலு டாக்டரும் கெட்டிக்காரர்கள்தான் மச்சான்களே, சண்டையை விடுங்கள்.

ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து ஸ்கோப் உசத்தி என்று முடிவு கட்டக்கூடாது. 2022-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 613 பேரைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். அதிர்வலையில் ஆரம்பித்தவர்களில் 22.1 சதவீதம் பேருக்கும், ஸ்கோப்பில் ஆரம்பித்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும் மறுபடி ஒரு சிகிச்சை தேவைப்பட்டது. இதை எனக்குக் காட்டிய நண்பன், "பாத்தியா, ரெண்டு மடங்கு தோல்வி" என்றான். நான் அதைத் திருப்பிப் படித்தேன். அதிர்வலையில் ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டு பேர் மறுபடி எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தப்பித்திருக்கிறார்கள். ஸ்கோப் உள்ளே போகவே இல்லை. செலவும் குறைவு. எது பெரிது என்பது ஆளைப் பொறுத்தது. அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறவனுக்கு ஒரே தடவையில் முடிவது பெரிது. இரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்த முடியாதவருக்கும் கர்ப்பிணிக்கும் அதிர்வலை கூடாது, ஸ்கோப் செய்யலாம். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதற்கே பயப்படுகிறவருக்கு நேர்மாறு.

ஸ்கோப்புக்குப் பின்னால் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட்டைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சரியாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். இரண்டு முனையும் பன்றி வால் போலச் சுருண்ட மெல்லிய குழாய். 1978-ல் ஃபின்னி என்பவர் எழுதிய வடிவம். மேல் முனை சிறுநீரகத்தில், கீழ் முனை பையில் மாட்டிக்கொள்வதால் நழுவாது. அருமையான வடிவமைப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உள்ளே இருந்த இரண்டு வாரமும் அரை மணிக்கொரு தரம் பாத்ரூம், நடந்தால் இடுப்பில் சுருக். கல் வலியை மன்னித்துவிட்டேன், ஸ்டென்ட்டை இன்னும் மன்னிக்கவில்லை. சிக்கல் இல்லாமல் முடிந்த ஸ்கோப்புக்குப் பின் எல்லோருக்கும் அது கட்டாயமில்லை என்று இப்போதைய வழிகாட்டிகள் சொல்கின்றன. டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். அதைவிட முக்கியம், வைத்ததை எப்போது எடுக்க வேண்டும் என்று நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும்.

ஹாஸ்டல் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. கல் வலியோடு குளிர் காய்ச்சலும் வந்தால் வாழைத்தண்டு ஜூஸ், நெருஞ்சி முள் கஷாயம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்து. அப்போது கல்லை உடைப்பது முதல் வேலையல்ல. ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியே குழாய் போட்டோ தேங்கியதை வடியவைப்பதுதான் முதல் வேலை. கல் பிறகு. ராத்திரி என்றாலும் வார்டனை எழுப்புங்கள்.

ஏன் அப்போது ஸ்கோப் கூடாது என்பதற்குள் நம்ம பாடம் ஒளிந்திருக்கிறது. ஸ்கோப்பில் பார்வை தெளிய வேண்டுமானால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். பாய்ச்சினால் மேலே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்துக்குள் இருக்கும் கிருமி இரத்தத்துக்குள் தள்ளப்படும். லேசரின் சூடும் அங்கேதான். தண்ணீரைக் குறைத்தால் அழுத்தம் இறங்கும், ஆனால் சூடு ஏறும், பார்வை மங்கும். மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எல்லாம் அதே 3 மி.மீ.க்குள்!

2006-ல் முனையிலேயே சின்னக் கேமராச் சில்லு வைத்த வளையும் ஸ்கோப் வந்தது, படம் தெளிவானது. பலமுறை பயன்படுத்தும் ஸ்கோப் அடிக்கடி பழுதாகிறது, பழுது பார்க்க ஏகப்பட்ட செலவு என்பதால் 2016-ல் ஒரே தடவை பயன்படுத்தி எறியும் வகை பரவத் தொடங்கியது. ஒரு ஆபரேஷனுக்கு ஒரு ஸ்கோப்பைக் குப்பையில் போடுவது என் மெக்கானிக்கல் மனசுக்கு ஒப்பவில்லை, கிருமி பரவாது என்பது உண்மையென்றாலும். தூலியம் இழை லேசர் வந்து, இன்னும் மெல்லிய இழையில் கல்லை மாவாகவே அரைக்கிறது, கல்லும் அவ்வளவாக மேலே ஓடுவதில்லை. உறிஞ்சும் உறை ஒன்றைக் குழாயில் ஏற்றி, ஒரு பக்கம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே மறுபக்கம் பொடியையும் அழுத்தத்தையும் சேர்த்து இழுக்கிறார்கள். முனையிலேயே அழுத்த உணரி வைத்த ஸ்கோப்புகளும் இந்தப் பத்தாண்டில் வந்துவிட்டன. எனக்கு ஸ்கோப் செய்த டாக்டரிடம் செக்கப்புக்குப் போனபோது இதைப் பற்றிக் கேட்டேன். "எங்க கிட்ட இன்னும் இல்லை சார், தண்ணி பாட்டிலைத் தொங்கவிடுற உயரம்தான் எங்களுக்கு அழுத்தக் கணக்கு" என்றார்.